பத்திரத்தில் பெயர் இல்லாதவரின் வீடு



சென்ற இதழின் வாடகை வீடு கட்டுரைக்கு வரும் கடிதங்களில் அட்வான்ஸ் தகராறும் வெள்ளையடிக்கப் பிடித்த பணமும் இருக்கும் என்று எதிர்பார்த்தோம். இருந்தன. அவற்றோடு நாங்கள் எதிர்பாராத சில கடிதங்களும் வந்து சேர்ந்தன. எழுதியவர்கள் எல்லாரும் பெண்கள். வாடகைக்கு இருப்பவர்கள் அல்ல. கணவர் கட்டிய வீட்டில், மாமனார் வாங்கிய வீட்டில், அண்ணனுக்குப் பாகமாக வந்த வீட்டில் இருப்பவர்கள். கொங்குப் பக்கத்துச் சகோதரி ஒருவர், பிள்ளையின் நோட்டிலிருந்து கிழித்த தாளில் இப்படி எழுதியிருந்தார்: “பதினேழு வருஷமா இந்த வாசலைக் கூட்டிக் கோலம் போடுறேன் மேடம். சண்டைன்னு வந்தா மாமனார் கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான். ‘பத்திரத்துல உன் பேரு எங்க இருக்கு, காட்டு.’ சட்டத்துல எனக்குன்னு ஒரு வீடு இருக்கா, இல்லியா?”

இருக்கிறது, அம்மா. இம்முறை இந்தப் பக்கம் முழுவதையும் உங்கள் கேள்விக்கே கொடுத்துவிடுகிறேன். இந்தப் பதில் தெரியாமல்தான் எத்தனையோ பெண்கள் ஒரு பையில் நாலு துணியைத் திணித்துக்கொண்டு ராத்திரி பஸ் ஏறிவிடுகிறார்கள்.

ஒருவருடைய வீடு எது என்று நம் சட்டங்களைக் கேட்டால் ஒரே பதில் கிடைக்காது. வருமான வரிச் சட்டம் நாள் எண்ணும். ஓராண்டில் 182 நாள் இந்தியாவில் இருந்தாரா என்பது அதன் முக்கியமான கேள்வி. வாரிசுரிமை வழக்கு என்றால், நிலையாகத் தங்கிவிடும் எண்ணத்தோடு ஒருவர் எங்கே இருந்தார் என்று ஆராய்வார்கள். எனக்குப் பிடித்தது தேர்தல் சட்டத்தின் பதில். ஒரு தொகுதியில் வீடு சொந்தமாக இருக்கிறது என்பதற்காக மட்டும் ஒருவர் அந்தத் தொகுதிவாசி ஆகிவிட மாட்டார் என்கிறது 1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 20ஆம் பிரிவு. கொஞ்ச காலம் வெளியூரில் இருந்துவிட்டதால் அந்த ஊர்க்காரர் இல்லை என்றும் ஆகிவிடாது. அங்கே பத்திரம் பேசுவதில்லை, வாழ்க்கைதான் பேசுகிறது. நடைபாதையில் படுத்துறங்குகிறவருக்கும் வாக்காளர் பட்டியலில் இடம் உண்டு. வாக்குச்சாவடி நிலை அலுவலர் இரவில் போய், அவர் சொன்ன இடத்தில்தான் தூங்குகிறாரா என்று பார்த்து உறுதி செய்தால் போதும். கூரையே இல்லாத இடத்தைக்கூட ஒருவரின் இருப்பிடமாக ஏற்ற நாடு, ஒரு பெண் ஆண்டுக்கணக்காகச் சமைத்த அடுப்படியை அவளுடைய இருப்பிடமாக ஏற்க 2005 வரை காலம் எடுத்துக்கொண்டது.

அதற்கு முன்னால் நிலைமை என்ன? கணவனைப் பிரிந்த மனைவிக்கு ஜீவனாம்சம் உண்டு. நியாயமான காரணம் இருந்தால் தனியே வசித்துக்கொண்டே செலவுக்குக் கேட்கலாம் என்று 1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு, பராமரிப்புச் சட்டமும் சொல்கிறது. பணத்துக்கு வழி இருந்தது. ‘இந்த வீட்டை விட்டு என்னை வெளியே தள்ளாதே’ என்று சொல்வதற்குத்தான் நேரடியான வழி இல்லை. பிறந்த வீட்டிலும் கதவு முழுதாகத் திறக்கவில்லை. அதே 1956இல் வந்த இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, குடும்பம் குடியிருக்கும் வீட்டை ஆண் வாரிசுகள் பிரித்துக்கொள்ள முன்வரும்வரை பெண் வாரிசு பாகம் கேட்க முடியாது என்றது. மகளுக்கு அங்கே தங்கும் உரிமைகூட, அவள் திருமணமாகாதவளாகவோ கைவிடப்பட்டவளாகவோ பிரிந்து வந்தவளாகவோ விதவையாகவோ இருந்தால்தான். அந்தப் பிரிவு 2005 செப்டம்பரில்தான் நீக்கப்பட்டது.

இங்கிலாந்திலும் இதே இழுபறி நடந்திருக்கிறது. கைவிடப்பட்ட மனைவிக்குக் கணவன் வீட்டில் தங்கும் உரிமை உண்டு என்று டென்னிங் பிரபு தீர்ப்புக்குமேல் தீர்ப்பாக எழுதிவந்தார். 1965இல் பிரபுக்கள் சபை அதை ஏற்க மறுத்தது. இரண்டே ஆண்டில் நாடாளுமன்றம் சட்டம் இயற்றி அந்த உரிமையைக் கொடுத்தது. நமக்கு அந்தச் சட்டம் வர இன்னும் ஏறக்குறைய நாற்பது ஆண்டு ஆயிற்று.

வந்த சட்டத்தின் பெயர், பெண்களைக் குடும்ப வன்முறையிலிருந்து பாதுகாக்கும் சட்டம், 2005. மூத்த வழக்கறிஞர் இந்திரா ஜெய்சிங்கும் அவருடைய ‘லாயர்ஸ் கலெக்டிவ்’ அமைப்பும் இதன் வரைவுக்காகப் பல ஆண்டுகள் உழைத்தார்கள். 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. அடி உதைக்கான சட்டம் என்றே பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். என் பார்வையில் இதன் உயிர் 17ஆம் பிரிவில் இருக்கிறது. குடும்ப உறவில் இருக்கும் ஒவ்வொரு பெண்ணுக்கும், சேர்ந்து வாழும் வீட்டில் தங்கியிருக்க உரிமை உண்டு. அந்த வீட்டில் அவளுக்குச் சொத்துரிமை, பட்டா, பங்கு எதுவும் இருக்க வேண்டும் என்பதில்லை. சட்டப்படியான நடவடிக்கை மூலமாக அல்லாமல் அவளை வெளியேற்றக் கூடாது. மாமனார் கேட்ட கேள்விக்குச் சட்டம் சொல்லும் பதில் இதுதான்: பத்திரத்தில் பெயர் தேவையில்லை.

19ஆம் பிரிவு இதற்குக் கைகால் கொடுக்கிறது. அவளை வெளியேற்றக் கூடாது என்று குற்றவியல் நடுவர் தடை போடலாம். வீட்டை விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது என்று நிறுத்தலாம். துன்புறுத்துகிற ஆணையே வெளியே போகச் சொல்லலாம் (பெண் ஒருவரை வெளியேறச் சொல்லி இந்தப் பிரிவில் உத்தரவிட முடியாது). அதே தரத்தில் வேறு வீடு பார்த்துக் கொடு, அல்லது வாடகையைக் கட்டு என்றும் சொல்லலாம். அவளுடைய நகை, சீர்வரிசைப் பொருள்களைத் திருப்பிக் கொடுக்க வைக்கலாம். காவல் நிலையத்தைத் துணைக்கு நிற்கச் சொல்லலாம்.

இது மருமகளுக்கு மட்டுமான சட்டம் என்றும் எண்ண வேண்டாம். அண்ணன் வீட்டில் இருக்கும் திருமணமாகாத தங்கை, மகன் வீட்டில் இருக்கும் தாய், கணவனை இழந்த மருமகள், திருமணம் போலவே அமைந்த உறவில் வாழும் பெண் எல்லாரும் இதில் அடக்கம். யார்மீது புகார் கொடுக்கலாம் என்பதில் ‘வயதுவந்த ஆண்’ என்று முதலில் ஒரு வரையறை இருந்தது. 2016இல் உச்ச நீதிமன்றம் அதை நீக்கிவிட்டது. மகனும் மருமகளும் சேர்ந்து வெளியே தள்ளினால், அந்தத் தாயும் இதே கதவைத் தட்டலாம்.

இப்படி ஒரு சட்டம் வந்து இரண்டு மாதம் ஆவதற்குள் அது முடங்கிப்போன கதையைச் சொல்லியாக வேண்டும்.

டெல்லியில் ஒரு வீடு. அதன் இரண்டாம் மாடியில் புதுமணத் தம்பதி குடியிருந்தார்கள். வீடு மாமியாரின் பெயரில். மணவாழ்க்கை கசந்து, அந்தப் பெண் பெற்றோர் வீட்டுக்குப் போனார். திரும்ப வந்தபோது வாசலில் பூட்டு. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2006 டிசம்பர் 15 அன்று நீதிபதிகள் எஸ்.பி. சின்ஹா, மார்க்கண்டேய கட்ஜு அமர்வு தீர்ப்புச் சொன்னது. சேர்ந்து வாழும் வீடு என்றால் அது கணவனுக்குச் சொந்தமான வீடு, அல்லது அவன் வாடகைக்கு எடுத்த வீடு, அல்லது அவன் உறுப்பினராக உள்ள கூட்டுக் குடும்பத்தின் வீடு. மாமியாரின் தனிச் சொத்தில் மருமகள் உரிமை கொண்டாட முடியாது. தம்பதி எங்கெல்லாம் தங்கினார்களோ அதெல்லாம் அவள் வீடு என்றால், மாமா வீடு, அத்தை வீடு, தாத்தா வீடு என்று எல்லா இடத்திலும் உரிமை கேட்பார்கள், குழப்பம்தான் மிஞ்சும் என்பது நீதிமன்றத்தின் கவலை.

அந்தக் கவலை அர்த்தமற்றது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் நம் ஊர்க் குடும்பங்கள் எப்படி இருக்கின்றன என்று யோசித்துப் பாருங்கள். கல்யாணமாகி வருகிற பெண் எத்தனை பேர் கணவன் தன் பெயரில் வாங்கிய வீட்டுக்குள் விளக்கேற்றி நுழைகிறார்கள்? பெரும்பாலும் மாமனார் பெயரில் வீடு, மாமியார் பெயரில் மனை. எந்தப் பெண்களை மனதில் வைத்துச் சட்டம் எழுதப்பட்டதோ, அவர்களில் பெரும்பகுதியை அந்தத் தீர்ப்பு வெளியே நிறுத்திவிட்டது. அதற்குப் பிறகு ஒரு வழக்கம் பரவியது. செய்தித்தாளின் சிறு விளம்பரப் பகுதியில் நீங்களும் பார்த்திருப்பீர்கள்: ‘எங்கள் மகனுக்கும் எங்களுக்கும் இனி எந்தச் சம்பந்தமும் இல்லை.’ உண்மையான மனவேதனையில் போடப்பட்டவை சில. மகன் வேறு வாடகை வீட்டுக்குப் போய்விட்டான், ஆகவே இது அவன் வீடு அல்ல, ஆகவே அவன் மனைவிக்கும் இங்கே இடமில்லை என்று கணக்கை முடிப்பதற்காகப் போடப்பட்டவையும் உண்டு. செட்டில்மென்ட் பத்திரங்கள் அவசர அவசரமாகக் கைமாறின.

இந்த நிலை மாறப் பதினான்கு ஆண்டுகள் பிடித்தன. இதுவும் டெல்லி வழக்குதான். மாமனார் 1983இல் வாங்கிய வீடு, 1995இல் மகனுக்குத் திருமணம், முதல் மாடியில் குடித்தனம். மகன் விவாகரத்து கேட்டார். மருமகள் குடும்ப வன்முறைச் சட்டத்தை நாடினார். வீடு என்னுடையது, காலி செய்யச் சொல்லுங்கள் என்று மாமனார் தனியே வழக்குப் போட்டார். 2020 அக்டோபர் 15 அன்று நீதிபதிகள் அசோக் பூஷண், ஆர். சுபாஷ் ரெட்டி, எம்.ஆர். ஷா ஆகிய மூவர் அமர்வு, 2006 தீர்ப்பு சரியான சட்டம் அல்ல என்று அறிவித்தது. கணவனின் உறவினருக்குச் சொந்தமான வீடாக இருந்தாலும், அந்தப் பெண் அங்கே நிலையாகக் குடித்தனம் நடத்தியிருந்தால் அது அவள் சேர்ந்து வாழ்ந்த வீடுதான். திருவிழாவுக்கு வந்து நாலு நாள் தங்கிய அத்தை வீடு அதில் சேராது. அங்கே வாழ்ந்த விதம், நோக்கம், வீட்டின் தன்மை எல்லாவற்றையும் பார்த்து முடிவு செய்ய வேண்டும். பழைய கவலைக்கும் அந்தத் தீர்ப்பிலேயே பதில் இருந்தது.

இந்தத் தீர்ப்பைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ஒரு கேள்வி வரும். வயதான பெற்றோரின் கதி என்ன? வாழ்நாள் சேமிப்பில் கட்டிய வீட்டில் நிம்மதியாகக் கண்மூட அவர்களுக்கு உரிமை இல்லையா? உண்டு. அதையும் 2020 தீர்ப்பு சொல்கிறது. மருமகளின் உரிமை தங்கும் உரிமை. அது சொத்துரிமை அல்ல, அசைக்கவே முடியாத உரிமையும் அல்ல. முதியவர்களின் அமைதியையும் தராசில் வைத்துத்தான் நடுவர் உத்தரவிட வேண்டும். பொருத்தமான வேறு வீடு கொடுக்கச் சொல்வதும் அதற்காகத்தான்.

ஆனால் முதியோரின் பெயரைச் சொல்லி நடக்கும் தந்திரத்தையும் நீதிமன்றம் பார்த்திருக்கிறது. அதே ஆண்டு டிசம்பரில் பெங்களூரு வழக்கு ஒன்று வந்தது. வீடு முதலில் கணவர் வாங்கியது. அவர் அதைத் தன் தந்தைக்கு விற்றார். தந்தை தன் மனைவிக்குத் தானமாக எழுதிக் கொடுத்தார். பிறகு மாமனாரும் மாமியாரும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் கீழ் மனுப் போட்டு, மருமகளைக் காலி செய்ய உத்தரவு வாங்கினார்கள். நீதிபதி டி.ஒய். சந்திரசூட் எழுதிய தீர்ப்பு அந்த உத்தரவை ரத்து செய்தது. இரண்டு சட்டங்களையும் இணைத்தே படிக்க வேண்டும். முதியோர் சட்டத்தின் விரைவான நடைமுறையைக் காட்டி ஒரு பெண்ணின் தங்கும் உரிமையைத் துடைத்துவிட முடியாது. நம் ஊரில் இந்த முதியோர் மனுக்களை விசாரிப்பவர் கோட்டாட்சியர். அவர் முன்னால் நிற்கும் மருமகள் இந்தத் தீர்ப்பைக் கையில் வைத்திருப்பது நல்லது.

2022 மே மாதம் இன்னொரு படி. உத்தராகண்டைச் சேர்ந்த ஒரு பெண், திருமணமான சில வாரங்களிலேயே கணவரை விபத்தில் பறிகொடுத்தவர். கணவருடைய குடும்ப வீட்டில் அவர் உண்மையில் சேர்ந்து வாழ்ந்ததே இல்லை என்று கீழ் நீதிமன்றங்கள் கைவிரித்தன. நீதிபதிகள் எம்.ஆர். ஷா, பி.வி. நாகரத்னா அமர்வு ஏற்கவில்லை. அந்த வீட்டில் வாழும் உரிமை அவருக்கு இருந்ததா என்பதே கேள்வி. உண்மையில் வாழ்ந்தாரா என்பதை வைத்து மறுக்க முடியாது என்றது. முதல்நாளே வாசலில் மறிக்கப்பட்டவளைப் பார்த்து, நீ உள்ளே இருந்ததே இல்லையே என்று கேட்க முடியுமா?

நம் சென்னை உயர் நீதிமன்றமும் இதில் முன்னே நிற்கிறது. 2022 ஆகஸ்டில் நீதிபதி ஆர்.என். மஞ்சுளா, மனைவியையும் குழந்தைகளையும் தொடர்ந்து அச்சத்தில் வைத்திருந்த கணவரை வீட்டைவிட்டு வெளியேற உத்தரவிட்டார். அவருக்குப் போக வேறு இடம் இருக்கிறதா என்று பார்த்துத்தான் இப்படி உத்தரவிட வேண்டும் என்பதில்லை என்றும் சொன்னார். காலங்காலமாகப் பையோடு கிளம்புவது பெண்தான் என்று பழகிவிட்ட நமக்கு இந்த உத்தரவு எவ்வளவு தேவை! 2023 ஜூனில் நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி இன்னும் ஆழமாகப் போனார். கணவர் சவூதி அரேபியாவில் வேலை பார்த்துப் பணம் அனுப்பினார். மனைவி இங்கே பிள்ளைகளை வளர்த்துக் குடும்பத்தைத் தாங்கினார். அப்படிச் சேர்ந்த சொத்தில் மனைவியின் உழைப்பும் கலந்திருக்கிறது என்று கூறி, சில சொத்துகளில் அவருக்குச் சமபங்கு உண்டு என்றார். ஒரு நீதிபதி அளித்த தீர்ப்பு இது, எல்லா வழக்குக்கும் அப்படியே பொருந்தும் என்று நம்பிவிடக் கூடாது. என்றாலும், தங்கும் உரிமையிலிருந்து பங்குரிமைக்குப் போகும் பாதை தெரிய ஆரம்பித்துவிட்டது.

இனி, கையில் என்ன வைத்துக்கொள்ள வேண்டும் என்பதைச் சொல்கிறேன். மாவட்ட சமூக நல அலுவலகத்தில் இந்தச் சட்டத்துக்கென்றே பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். சில மாதங்களுக்கு முன் அப்படி ஓர் அலுவலகத்தில், ஒரு பெண் கொண்டுவந்திருந்த தாள்களை அலுவலர் மேசையில் பரப்பிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். ரேஷன் கார்டு நகல், கேஸ் சிலிண்டர் புத்தகம், வளைகாப்பன்று அந்த வீட்டு வாசலில் எடுத்த போட்டோ, மகளின் பள்ளி டைரி. டைரியின் முதல் பக்கத்தில் வீட்டு முகவரி. உள்ளே வாரம் தவறாமல் ‘பெற்றோர் கையொப்பம்’ என்ற இடத்தில் அம்மாவின் கையெழுத்து. “இது போதும்மா, இதை விடப் பெரிய ஆதாரம் என்ன வேணும்?” என்றார் அந்த அலுவலர். அவர் தயாரிக்கும் குடும்ப நிகழ்வு அறிக்கையும் 12ஆம் பிரிவு மனுவும் குற்றவியல் நடுவர் நீதிமன்றத்துக்குப் போகும். மூன்று நாளுக்குள் முதல் விசாரணை, அதிலிருந்து 60 நாளுக்குள் முடிக்க முயல வேண்டும் என்பது சட்டம். நடைமுறையில் வாய்தாமேல் வாய்தாவாக இழுக்கிறது. அதை மறைத்துப் பயனில்லை. அதனால் மனுவோடேயே 23ஆம் பிரிவின்படி இடைக்கால உத்தரவும் கேட்டுவிடுங்கள். நிலைமை அவசரம் என்றால் எதிர்த் தரப்பு வரும்வரை காத்திராமலே நடுவர் உத்தரவிடலாம்.

ஏற்கெனவே கிளம்பி வந்துவிட்டவர்களுக்கு ஒரு வார்த்தை. வழக்குப் போட அந்த ஊருக்கே திரும்பிப் போக வேண்டியதில்லை. நீங்கள் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரின் நீதிமன்றத்திலேயே மனுப் போடலாம் என்று 27ஆம் பிரிவு சொல்கிறது. அம்மா வீடானாலும் தோழியின் அறையானாலும் வேலை பார்க்கும் ஊரின் ஹாஸ்டலானாலும் சரி.

வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் இல்லையே என்று தயங்க வேண்டாம். வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் கேளுங்கள். ஆபத்து என்றால் 181, எந்த நேரமும்.

புதிதாக வீடோ மனையோ வாங்கப்போகும் குடும்பங்களுக்கு ஒரு தகவல்: 2025 ஏப்ரல் 1 முதல் தமிழ்நாட்டில் 10 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண்ணின் பெயரில் பதிந்தால், பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. பத்திரம் எழுதப் போகுமுன் வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள்.

கடிதம் எழுதிய சகோதரிகள் யாருடைய பெயரும் ஊரும் இந்த இதழில் வராது. அடுத்த இதழிலிருந்து, குடும்ப நீதிமன்றத்தில் நெடுங்காலம் வாதாடிவரும் வழக்கறிஞர் ஒருவர் உங்கள் கேள்விகளுக்குப் பதில் எழுத ஒப்புக்கொண்டிருக்கிறார். வீடு யார் பெயரில் இருக்கிறது, எத்தனை ஆண்டு அங்கே இருந்தீர்கள், இப்போது எங்கே தங்கியிருக்கிறீர்கள் என்ற மூன்று விவரத்தையும் மறக்காமல் எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்